சண்டை போடாதவருக்கு ஒரு டூப்

மென்மை மன்னர் என்று பட்டம் பெற்ற அந்த நடிகர் ஒரு படத்தில்கூடச் சண்டை போட்டதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கதாநாயகனாக இருந்துகொண்டு ஒரு ஆளைக்கூட அடிக்காமல் தப்பிப்பது லேசான காரியமில்லை. போலீஸ் படத்தில் நடித்தார். அதில் அவர் பழைய கோப்புகளைப் படிக்கிற போலீஸ். ராணுவப் படத்தில் நடித்தார். அதில் தபால் பிரிவு. பின்னால் குண்டு வெடித்துக்கொண்டே இருக்கும், அவர் முகவரி சரியில்லாத கடிதங்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே இருப்பார். ராஜா வேஷம் ஒன்று வந்தது. இரண்டாவது காட்சியிலேயே பகைவனுக்கு நாட்டைக் கொடுத்துவிட்டுத் தோட்டம் போடப் போய்விட்டார். வில்லன் கையை ஓங்கினால் அவன் கண்ணை உற்றுப் பார்த்து, "உன்னப் பெத்தவங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்பார். வில்லன் உடைந்து அழுவான். தியேட்டர் அழும். தயாரிப்பாளர் சிரிப்பார்.

அப்படிப்பட்டவருக்கு முழு நேரச் சண்டை டூப் ஒருவர் இருந்தார்.

சண்டைக் கலைஞர்கள் சங்கத்து விதி அப்படி. கதாநாயகன் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு டூப் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். நாயகன் சண்டை போடுவாரா மாட்டாரா என்பதைப் பற்றி விதியில் ஒரு வார்த்தை கிடையாது. விதி எழுதினவர்கள் இப்படியும் ஒரு நாயகன் வருவார் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

நம்ம டூப்பைப் பின்னாலிருந்து பார்த்தால், செட்டில் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிற அந்த நடிகரேதான். அதே தோள், அதே கழுத்து, லேசாக வலது பக்கம் சாய்கிற அதே நடை. முன்னாலிருந்து பார்த்தால் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் மாதிரி இருப்பார். காலையில் அண்ணன் உடுத்துகிற அதே உடையை உடுத்தி, அதே விக்கை மாட்டிக்கொண்டு, விளக்குகளுக்குப் பின்னால் நிழலான இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்காருவார். மதியம் நிழல் நகரும். நாற்காலியும் நகரும். சாயங்காலம் உடையை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். இதுதான் வேலை. செட்டில் அவரை நாற்காலிக்காரர் என்றுதான் சொன்னார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தார்.

வீட்டில்தான் அவர் சண்டைக்காரர்.

அது கல்யாணமான புதிதில் வாய் தவறி வந்தது. "இன்னைக்கு என்ன வேலைங்க?" என்று மனைவி கேட்டாள். உட்கார்ந்திருந்தேன் என்று புது மனைவியிடம் எந்த ஆண் சொல்வான்? "மாடியிலேருந்து குதிச்சேன்" என்றார். அவள் அடுத்த நிமிஷமே தைல பாட்டிலை எடுத்து வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகு முழுக்கத் தேய்த்துவிட்டாள். கட்டை விரலால் தோள்பட்டைக்குக் கீழே ஒரு அழுத்து அழுத்துவாள் பாருங்கள், ஆளுக்கு உலகமே மறந்துபோகும். குதிக்காத நாளில் தைலம் இல்லை என்று ஆகிவிட்டதால் தினமும் குதிக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு பாய்ந்தார். ஒரு நாள் குதிரையிலிருந்து விழுந்தார். இரண்டு நாள் அதே குதிரை. பதினேழு பதினெட்டு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

முனகலும் வேண்டுமே. அதை அவர் அவளிடமிருந்தே எடுத்துக்கொண்டார். இவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. குடிதண்ணீர் கேனைக் கொண்டுவருகிறவர் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். "நீங்க தொடாதீங்க, உங்க முதுகுக்கு ஆகாது" என்று சொல்லி அவளேதான் தூக்கி வருவாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கேனை இறக்கி வைத்துவிட்டு ஒரு மூச்சு விடுவாள். அடிவயிற்றில் ஆரம்பித்து மூக்கு வழியாக வெளியே வருகிற நீளமான மூச்சு. உள்ளே கட்டிலில் படுத்தபடி அதைக் கூர்ந்து கேட்டுத்தான் நம்மவர் தன் முனகலைப் பழகினார். கலைஞன் கண்ட இடத்திலிருந்தும் கற்றுக்கொள்வான்.

படம் வந்ததும் சிக்கலும் வந்தது. முதல் படத்துக்கே மனைவியைக் கூட்டிப் போனார். முடிந்து வெளியே வந்ததும் அவள் கேட்டாள்.

"நீங்க குதிச்சது எங்கங்க வந்துச்சு?"

"எடிட்டிங்ல போச்சு."

"ஏன் போச்சு?"

"அண்ணன் இமேஜுக்கு ஒத்து வராதுன்னு எடிட்டர் வெட்டிட்டாரு."

அவள் நடுத் தெருவில் நின்றுவிட்டாள். "ஒரு மனுஷன் எலும்ப உடைச்சுக்கிட்டு விழுந்திருக்காரு. உக்காந்த இடத்துல வெட்டறதுக்கு அந்தாளுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

அன்றிலிருந்து எடிட்டருக்குத் தினமும் அர்ச்சனை நடந்தது. தைலம் தேய்க்கும்போதெல்லாம் நடக்கும். "அந்தக் கத்திரிக்காரன் வீட்டுக் குழாயில ஒரு சொட்டுத் தண்ணி வரக்கூடாது" என்பது அவளுக்குப் பிடித்த சாபம். தண்ணீர்க் கேன் தூக்குகிறவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை தோன்றவில்லை. அண்ணனின் எல்லாப் படத்துக்கும் அதே எடிட்டர்தான் என்பது நம்மவருக்கு வசதியாகப் போயிற்று. எடிட்டரோ அவரை ஏறிட்டுப் பார்த்ததுகூடக் கிடையாது. இருட்டறையில் உட்கார்ந்து, அண்ணன் அழுகிற காட்சிகளில் அழுகையின் நீளத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, இணையத்தில் அந்தப் பட்டியல் வரும்வரை.

அண்ணன் கேரவனில் உட்கார்ந்து பழத்துண்டுகளை முள்கரண்டியால் குத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் இருந்ததால் நம்மவர் நாற்காலி அங்கே இருந்தது. மேனேஜர் செல்போனைப் பார்த்து உரக்கப் படித்தார்.

"'சண்டை வேடமே ஏற்காத பிரபல நடிகர்கள் பத்துப் பேர்.' நீங்களும் இருக்கீங்கண்ணே."

அண்ணன் அடக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டார். "நான் கேட்டு வாங்கினதில்ல. அவங்களா குடுக்கறாங்க."

"நாலாவது இடம்."

கண் திறந்தது. "நாலாவதா? மூணாவது யாரு?"

மேனேஜர் ஒரு பழைய நடிகரின் பெயரைச் சொன்னார்.

"அவரு போய்ச் சேர்ந்து எவ்வளவு நாளாச்சு."

"அதனாலதான்னு நினைக்கிறேண்ணே. அவரு இனிமே சண்டை போட வாய்ப்பில்ல. உங்க விஷயத்துல அப்படி உறுதியாச் சொல்ல முடியாதில்ல."

"என்ன விளையாடறியா?"

"இன்னொன்னும் போட்டிருக்காங்க. ஒரு படத்துல நீங்க கன்னத்துல கொசு அடிச்சீங்களாம். அதத் தாக்குதல்னு எடுத்துக்கிட்டு ஒரு இடம் இறக்கியிருக்காங்க."

"அது நடிப்பே இல்ல. நிஜக் கொசு" என்றார் அண்ணன். கோபம் வந்தாலும் அவர் குரல் உயராது, இன்னும் தாழும். அதனால் அவர் கோபப்படுகிறார் என்பது பாதிப் பேருக்குக் கேட்காமலே போய்விடும். "கீழ ஜனங்க என்ன எழுதியிருக்காங்க?"

மேனேஜர் கொஞ்சம் தயங்கினார். "நல்லாத்தான் எழுதியிருக்காங்க."

"படி."

"ஒருத்தர் எழுதியிருக்காரு. 'இவரு சண்டை போடாதவர் இல்ல, சண்டை போடத் தெரியாதவர். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.' அதுக்கு நிறையப் பேரு கை தட்டியிருக்காங்க."

முள்கரண்டி பாதி வழியில் நின்றது. அதன் நுனியில் இருந்த துண்டிலிருந்து சாறு சொட்டி அண்ணனின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அதே சட்டையைப் போட்டிருந்த நம்மவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"அடுத்த படத்துல நான் சண்டை போடறேன்" என்றார் அண்ணன்.

வாசலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அதில் உட்கார்ந்திருந்தவர் வேலை நேரத்தில் தானாக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரத்தில் நிருபர்களைக் கூட்டினார்கள். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பேசினார். "மாடிப்படியில் நடக்கும் சண்டை. டூப் கிடையாது. விழுகிற ஒவ்வொரு அடியும் என் உடம்பில்தான் விழும். கலைக்காக இந்த உடம்பு." சொல்லி முடித்து நாற்காலியிலிருந்து எழுந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அதையும் நிருபர்கள் பயிற்சியின் கடுமை என்று எழுதினார்கள்.

அன்று சாயங்காலம் டிவியில் அதைப் பார்த்த நம்மவர் மனைவி, பாதி தேய்த்த தைலத்தோடு நின்றாள்.

"டூப் கிடையாதுங்கறாரே. அப்ப நீங்க?"

"நான் சும்மா இருப்பேன்" என்றார். பல வருஷத்துக்குப் பிறகு அவளிடம் சொன்ன முதல் உண்மை. சொல்லும்போதே நிம்மதியாக இருந்தது. அண்ணன் விழட்டும், நாம் உட்காருவோம், இந்தப் படம் முடிந்ததும் பழையபடி குதித்துக்கொள்ளலாம்.

மறுநாள் அண்ணன் கேரவனுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"தம்பி, அந்தச் சண்டைய நீதான் பண்ணப்போற."

"டூப் கிடையாதுன்னு சொன்னீங்களேண்ணே?"

"ஆமா. அதனாலதான் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சொல்றேன்."

"எனக்கு வந்து..."

"உனக்கென்ன, தொழிலே அதுதான? இத்தனை வருஷமா எனக்காகத் தயாரா உக்காந்திருக்க. உன்னைப் பாக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமா இருக்கும், இந்த ஆளோட வீரத்த நாம வீணாக்கறோமேன்னு." அண்ணன் குரல் நடுங்கியது. பணம் வாங்காமல்கூட அவருக்கு அப்படி நடுங்க வரும். "வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா, புது டூப் தேட வேண்டியிருக்கும். அதையும் சொல்லிடறேன்."

சண்டைப் பயிற்சிக்கு மாஸ்டர் வந்தார். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்தவர். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவார். பழைய குடோனில் மெத்தை விரித்து, நம்மவரை ஒரு மேஜைமேல் ஏற்றினார்.

"விழுங்க."

"எப்படி மாஸ்டர்?"

"எப்படியா? வழக்கமா எப்படி விழுவீங்களோ அப்படி."

வழக்கமாக அவர் வீட்டுக் கட்டிலில் விழுவார். அப்படியே விழுந்தார். மாஸ்டர் மெத்தையைச் சுற்றி வந்து, பொருள் வாங்க வந்தவர் மாதிரி அவரைப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"உக்காந்திருந்தேன் மாஸ்டர்."

"அது தெரியுது. விழும்போதும் உக்காரறீங்க. தாடை நெஞ்சுல ஒட்டணும். தோள்ல உருளணும். பின்பக்கம் தரையில படவே கூடாது. பட்டுச்சுன்னா முதுகுத் தண்டோட வால் எலும்பு போயிடும். திரும்ப ஏறுங்க."

திரும்ப ஏறினார். திரும்ப விழுந்தார். தாடை நெஞ்சில் ஒட்டியது, தோள் சரியாகத் திரும்பியது, ஆனால் கடைசி நொடியில் உடம்பு பழைய விசுவாசத்தோடு நாற்காலியைத் தேடியது. எந்தப் பக்கம் தள்ளினாலும் முதுகு நேராக, முழங்கால் மடங்கி, இரண்டு கையும் இல்லாத கைப்பிடிமேல் இருக்க, அமர்ந்த கோலத்தில்தான் வந்து சேர்ந்தார். தலைகீழாகப் போட்டாலும் இந்த ஆள் உட்கார்ந்துதான் எழுவான் என்று மாஸ்டர் கையை உதறினார். பல படங்களில் பலரை விழவைத்தவர், இதற்கு மருந்து அவரிடம் இல்லை.

படப்பிடிப்பு நாள் வந்தது. பெரிய மாளிகையின் மாடிப்படி, கீழே பளிங்குத் தரை. அண்ணன் மேல்படியில் நின்று முறைத்தார். சட்டையை மடித்தார். "கட்" என்றதும் கேரவனுக்குப் போனார். நம்மவர் அந்த இடத்தில் வந்து நின்றார். சண்டையில் கிழிகிற சட்டை என்பதால் முதுகுப் பக்கம் முன்பே கிழித்து வைத்திருந்தார்கள். அடியாட்கள் இருவர் தள்ளினார்கள். உருண்டார். முதல் ஏழெட்டுப் படி மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடியே தோளில் உருண்டார். மாஸ்டருக்கே வாய் திறந்துவிட்டது. அப்புறம் படி முடிந்தது. தரை வந்தது.

மாளிகைக்கு விருந்தாளியாக வந்தவர் மாதிரி, முதுகு நேராக, நடுக் கூடத்தில் உட்கார்ந்தார்.

சத்தம் ஒன்று கேட்டது. ஏதோ விளக்குத்தான் உடைந்துவிட்டது என்று பார்த்தார்கள், உடையவில்லை. நம்மவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. வலி அப்படியொரு உயரத்தில் இருந்தது, முகம்வரை இறங்கி வர அதற்கு நேரமாயிற்று. "சூப்பர், அண்ணன கூப்பிடுங்க" என்றார் டைரக்டர். அண்ணன் வந்து அதே இடத்தில் ஒரு மெத்தைமேல் உட்கார்ந்து, மெல்ல எழுந்து, உதட்டோரத்துச் சிவப்புச் சாயத்தைத் துடைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நம்மவரும் தட்டினார். நின்றுகொண்டேதான் தட்டினார், அன்று முழுக்க அவர் நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்தார். மூன்று மாடி. ஒவ்வொரு படியும் ஒரு செய்தி சொன்னது. உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறக்கவில்லை. திறந்தால் எது வெளியே வரும் என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னைக்கு வேலையே இல்ல போல?"

"ஏன்?"

"முனகலையே. அடி பட்ட அன்னைக்கு வாசல்லயே ஆரம்பிச்சிடுவீங்க. முகமும் நல்லாத்தான் இருக்கு. ஏன் நிக்கறீங்க, உக்காருங்க."

"உக்கார முடியல."

"பின்ன, நாள் முழுக்க உக்காந்தே இருந்தா அப்படித்தான் இருக்கும். நடந்தா சரியாயிடும்." சமையலறைக்குள் போய்க்கொண்டே சொன்னாள். "கேன் வந்து கீழ கிடக்கு. இனிமேதான் உங்களுக்கு விழற வேலை இல்லையே. போய் எடுத்துட்டு வாங்க."

"இன்னைக்கு நான்தான் விழுந்தேன்" என்றார். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு அந்தக் கேனைக் கேட்ட மாத்திரத்தில் பறந்துவிட்டது. "அண்ணன் விழல. ரகசியமா என்னைத்தான் விழ வச்சாங்க."

அவள் திரும்பி வந்து செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அண்ணன் அன்றைய படப்பிடிப்பு முடிந்த கையோடு பேட்டி கொடுத்திருந்தார். "இன்று நான் விழுந்த வீழ்ச்சி..." என்று ஆரம்பித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு பொய் சொல்றாரு" என்றார் நம்மவர்.

"அவரா? ஒரு படத்துலகூட அவரு பொய் சொன்னது கிடையாது. உங்களுக்கு விழற வேலை தர மாட்டேங்கறாங்கன்னு மனசு கஷ்டமா இருக்கு, புரியுது. அதுக்காக என்கிட்ட எதுக்குங்க பொய்? இத்தனை வருஷத்துல நீங்க பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல."

நம்மவர் கீழே போய்க் கேனை எடுத்தார். முதல் மாடியில் ஒரு தடவை இறக்கி வைத்தார், இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு தடவை. அங்கே சுவரில் உள்ளங்கை அளவுக்குச் சுண்ணாம்பு தேய்ந்து பளபளவென்று இருந்தது. கேனை இறக்கிவிட்டு ஆள் சாய்கிற இடம். அவர் அதைக் கவனித்தார் என்று சொல்லிப் பெருமை சேர்க்க வழியில்லை. அப்போது அவர் கவனமெல்லாம் உடம்பின் ஒரே ஒரு புள்ளியில் இருந்தது. தைல பாட்டில் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. எடுக்கலாம்தான். ஆனால் எட்ட வேண்டிய உயரம், தேய்க்க வேண்டிய இடம் இரண்டும் தனியாளால் ஆகிற காரியமாக இல்லை.

இனி ஒரே ஒரு சாட்சிதான் மிச்சம். படம்.

கிழிந்த சட்டை வழியாக முதுகு தெரிந்திருக்கும். இடது தோளுக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு மச்சம். உலகத்தில் அந்த மச்சத்தைத் தெரிந்தவள் ஒருத்திதான். ஒரு நாள் சும்மா கேட்பது போலக் கேட்டுப் பார்த்தார்.

"என் முதுக மட்டும் காட்டினா நான்தான்னு உனக்குத் தெரியுமா?"

"ஆயிரம் முதுக வரிசையா நிக்க வைங்க. கண்ணக் கட்டிட்டுக் கையாலயே சொல்லுவேன்."

போதும் என்று காத்திருந்தார். வலி குறைவதற்குள் படம் தயாராகிவிட வேண்டுமே என்றுதான் கவலை. வேலை செய்தவர்களுக்கெல்லாம் குடும்பத்தோடு படம் போட்டுக் காட்டினார்கள். நம்மவர் தலையணை ஒன்றைப் பையில் வைத்து எடுத்துப் போனார். மனைவி அதைப் பார்த்தாள்.

இடைவேளைக்குப் பிறகு மாடிப்படி வந்தது. அடியாட்கள் சூழ்ந்தார்கள். அண்ணன் மேல்படியில் நின்று சட்டைக் கையை மடித்தார். ஒரு மடிப்பு. இரண்டு மடிப்பு. தியேட்டரில் விசில். நம்மவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த காட்சி ஆஸ்பத்திரி. அடியாட்கள் எல்லாரும் தலையில் கட்டோடு வரிசையாகப் படுத்திருந்தார்கள். அண்ணன் ஒவ்வொரு கட்டிலாகப் போய் ஆரஞ்சு கொடுத்து, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொருவனாக அழுதான்.

மனைவி குனிந்து காதோரம் கேட்டாள்.

"எங்கங்க சண்டை?"

தொண்டையில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. உலகத்தில் வேறு பதில் இருந்தால் அதைச் சொல்லியிருப்பார்.

"எடிட்டிங்ல போச்சு."

படம் முடிந்ததும் அண்ணன் மேடையேறினார். "சண்டைக் காட்சியை நீக்கச் சொன்னதே நான்தான்" என்றார் தழுதழுத்த குரலில். "என் கை ஓங்குவதைப் பார்க்க என் மனசே இடம் கொடுக்கவில்லை." அடுத்த வாரமே அந்தப் பட்டியலைத் திருத்தினார்கள். எடுத்த சண்டையையே வேண்டாம் என்றவர் என்பதால் அண்ணன் முதல் இடத்துக்குப் போனார், கொசுவையும் மன்னித்துவிட்டார்கள். காலமான நடிகர் ஓர் இடம் கீழே இறங்கினார். அவர் ஆட்சேபிக்கவில்லை.

அன்று தியேட்டரில் நம்மவர் மனைவி மேடையைப் பார்க்கவில்லை. "யாருங்க அந்த எடிட்டர்? காட்டுங்க" என்றாள்.

"எதுக்கு இப்ப? வீட்டுக்குப் போலாம்."

"இத்தனை வருஷ ஆத்திரம். இன்னைக்குக் கேட்டுட்டுத்தான் வருவேன்."

வாசல் பக்கம் கண்ணாடி போட்ட, தலை நரைத்த மனிதர் ஒருவர் காகிதக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு அவள் நேராகப் போய் நின்றாள். நம்மவர் பின்னால் தலையணையோடு நொண்டி நொண்டி ஓடினார்.

"நீங்கதான் எடிட்டரா?"

"ஆமாங்க."

"அந்த மாடிப்படியில சண்டை இருந்துச்சா இல்லையா?"

எடிட்டர் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இருந்துச்சும்மா. நான்தான் வெட்டினேன்."

"ஏன் வெட்டினீங்க?"

"உருண்டு வந்த மனுஷன் கடைசில சோபாவுல உக்காந்த மாதிரி உக்காந்துட்டாரும்மா. போட்டுப் பாத்தோம், ஆபீஸே சிரிச்சுது. தயாரிப்பாளர் நாற்காலியிலேருந்து விழுந்துட்டாரு. எப்படி வைக்கறது?"

"உருண்டது அண்ணனா?"

"அவரு எங்கம்மா உருளப்போறாரு? டூப்தான். சட்டை கிழிஞ்சு முதுகுல மச்சமெல்லாம் தெரிஞ்சுது. பாவம், சரியான அடி. அந்தச் சத்தத்த நான்தான் மியூட் பண்ணேன். இன்னமும் அந்த ஆளு உக்கார முடியாமத்தான் இருப்பாரு."

அவள் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். பார்வை தலையணைக்கு இறங்கி, மறுபடி முகத்துக்கு வந்தது. கண் கலங்கியிருந்தது. நம்மவர் வாழ்க்கையில் அப்படி ஒரு நிமிஷம் வந்ததில்லை. அந்த நிமிஷத்தோடு அவளைக் கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் ஏற்றியிருக்க வேண்டும். ரசித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அவள் எடிட்டர் பக்கம் திரும்பினாள். "சரி, இது சிரிப்பா இருந்துச்சு, வெட்டிட்டீங்க. இதுக்கு முன்னாடி இவரு விழுந்ததையெல்லாம் எதுக்கு வெட்டினீங்க?"

"எதம்மா?"

"மாடியிலேருந்து குதிச்சது. கண்ணாடிய உடைச்சது. குதிரை. ரெண்டு நாள் குதிரை."

எடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு யோசித்தார். நேர்மையான மனிதர், அதுதான் வினை. "அண்ணன் படத்துலயாம்மா சொல்றீங்க? அவரு படத்துல வெட்டறதுக்குச் சண்டை எங்க இருந்துச்சு? ஆரம்பத்துலேருந்து எல்லாப் படமும் நான்தான். நான் வெட்டின சண்டை இது ஒண்ணுதான்."

ஒரே மூச்சில் ஒரு நாள் உண்மையாயிற்று, மிச்ச வருஷமெல்லாம் பொய்யாயிற்று. நம்மவர் உட்கார இடம் தேடினார். உட்காரவும் முடியாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அவள் எடிட்டரிடம் தணிந்த குரலில் கேட்டாள். "உங்க வீட்டுக் குழாயில தண்ணி ஒழுங்கா வருதாண்ணே?"

எடிட்டர் திகைத்தார். "அத ஏன் கேக்கறீங்க. வருஷக்கணக்கா வரல. எத்தனையோ பேரக் கூப்பிட்டுப் பாத்தாச்சு, என்ன கோளாறுன்னே தெரியல."

"இனிமே வரும்" என்றாள். "மன்னிச்சுக்கோங்க."

ஆட்டோவில் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் தலையணைமேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பேசத் தொடங்கிப் பேசத் தொடங்கி நிறுத்தினார். கேட்டில் கேன் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவர் குனியப் போனார். அவள் முந்திக்கொண்டு தானே தூக்கிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

வீட்டுக்குள் வந்ததும் மேல்தட்டிலிருந்து தைல பாட்டிலை எடுத்தாள்.

"படுங்க. குப்புற."

படுத்தார். கட்டை விரல் நேராக வால் எலும்பைக் கண்டுபிடித்து அழுத்தியது. நம்மவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. அதற்கும் அவர் பழகி வைத்திருந்த முனகலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"ம். அடி பட்டா இப்படித்தான் கத்துவீங்களா" என்றாள். "இப்பத்தான் கேக்கறேன்."

"நான் சொல்ல வந்தேன். ஆரம்பத்துல ஒரு தடவ சொன்னேன், அப்புறம்..."

"பேசாதீங்க. பேசினா இன்னும் அழுத்துவேன்."

அந்த ஒரு தடவை விழுந்ததற்கு உண்டான தைலத்தைக் குறைவில்லாமல் தேய்த்து முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பாட்டிலை அவர் கையில் வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"எதுக்கு இது?" என்றார்.

"தேயுங்க."

"உனக்கு எங்க வலி?"

"மூணு மாடி, தினமும் ஒரு கேன். எங்க வலிக்கும்னு கண்டுபிடிங்க. நான் உங்களுக்கு வலிக்காத இடத்தையெல்லாம் கண்டுபிடிச்சேன் இல்ல?"

முட்டி போட்டு நின்றார். உட்கார முடியாதவருக்கு அதுதான் வசதி. தைலத்தை அதிகமாக ஊற்றிக் கட்டிலில் சிந்தினார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தோள்பட்டைக்குக் கீழே, அவள் தனக்கு அழுத்துகிற அதே இடத்தில், பயந்து பயந்து கட்டை விரலை வைத்தார். கல் மாதிரி இருந்தது. அழுத்தினார்.

அவளிடமிருந்து மூச்சு ஒன்று வந்தது. அடிவயிற்றில் ஆரம்பித்து, மூக்கு வழியாக, நீளமாக.

நம்மவர் கை நின்றது. தான் போட்டது எவ்வளவு மட்டமான நகல் என்று அவருக்குப் புரிந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள்.

"இல்ல, தேய்க்கறேன்."

"நல்லா அழுத்துங்க. நாளைக்கு நீங்கதான் கேன் தூக்கணும், கை பழகட்டும்."